கறுப்பு வண்ண லைகா எம்3: இத்தனை விலை எதற்காக?

கேள்வி: கோவை ஒளி

நண்பர்களுக்கு வணக்கம். சில ஆண்டுகளாக லைகா எம்3 கேமரா ஒன்றை 50 மி.மீ. சும்மிக்ரான் லென்ஸுடன் பயன்படுத்தி வருகிறேன். வெள்ளி நிறக் குரோம் பூசிய, தேடினால் எளிதில் கிடைத்துவிடும் சாதாரண எம்3 தான் அது. மாதம் ஒன்றிரண்டு கறுப்பு வெள்ளை ஃபிலிம் ரோல்களை எடுத்து வீட்டிலேயே கழுவுகிறேன். படங்களைப் பொறுத்தவரை எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

இப்போது சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர், தம் தந்தையார் வைத்திருந்த எம்3 ஒன்றை விற்க விரும்புவதாக நண்பர் ஒருவர் வழியாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். ஆலையிலேயே கறுப்பு வண்ணம் பூசி வந்தது என்கிறார்கள். அவர் கேட்கும் தொகைக்கு ஒரு நல்ல காரையே வாங்கிவிடலாம். உள்ளே இருக்கும் ஷட்டரும் ரேஞ்ச்ஃபைண்டரும் (தூரத்தை அளந்து குவியம் வைக்க உதவும் அமைப்பு) என் கேமராவில் இருப்பவையே என்று எனக்குத் தெரியும். இருந்தும் அவர் அனுப்பிய படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஆசையைப் பற்றி வீட்டில் இன்னும் வாய் திறக்கவில்லை.

நான் அறிய விரும்புவது இதுதான். உள்ளே ஒன்றாகவே இருக்கும் கருவிக்கு வெளிப்பூச்சின் பொருட்டு இத்தனை விலை எப்படி நிலைத்து நிற்கிறது? சேகரிப்பதற்காக அல்லாமல் படம் எடுப்பதற்காகவே வைத்திருக்கும் என்னைப் போன்றவர் இதை வாங்குவதில் ஏதேனும் பொருள் உண்டா? வாங்குவதென்றால் அது அசல்தான் என்பதை எப்படி உறுதி செய்வது? லைகாவின் எஃப் 1.2 நாக்டிலக்ஸ் லென்ஸ் மீதும் (எஃப் எண் சிறிதானால் கூடுதல் ஒளி உள்ளே வரும்) எனக்கு நெடுநாள் ஆசை உண்டு. அதைப் பற்றியும் தெரிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: பழங்கருவி

கோவை நண்பருக்கு வணக்கம். விலையைப் பற்றிய முதற்கேள்விக்கு மட்டும் விடை எழுதுகிறேன். மற்றவற்றைப் பழுது பார்ப்பவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

முதலில், எம்3 அரிய கேமரா அன்று. 1954இல் வெளிவந்து 1966 வரை தயாரிப்பில் இருந்த அந்த மாதிரியில் இரண்டு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. அவற்றுள் ஆலையிலேயே கறுப்பு வண்ணம் பூசப்பட்டவை மிகச் சிறு பங்குதான். குரோமின் பளபளப்பு எதிரில் இருப்பவர் கண்ணை உறுத்தக்கூடாது என்று நினைத்த பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் விரும்பி வாங்கியவை அவை. வாங்கியவர்கள் அவற்றை அலமாரியில் பூட்டி வைக்கவில்லை. போர்க்களத்திலும் ஊர்வலத்திலும் கழுத்தில் தொங்கவிட்டுத் தேய்த்தார்கள். எனவே எண்ணிக்கையில் குறைவாகப் பிறந்தவற்றுள்ளும் நல்ல நிலையில் தப்பிப் பிழைத்தவை இன்னும் குறைவு. விலையின் அடித்தளம் இந்த இரட்டைக் குறைவுதான்.

ஆனால் குறைவு மட்டும் விலையைத் தராது. நிக்கான் நிறுவனம் 1970இல் அறிமுகப்படுத்திய 6 மி.மீ. எஃப் 2.8 மீன்கண் லென்ஸ் 220 பாகைப் பரப்பைப் பார்க்கிறது. அதாவது தன் முதுகுக்குப் பின்னால் இருப்பதிலும் கொஞ்சம் அதற்குத் தெரிகிறது. எடை ஐந்து கிலோவுக்கும் மேல். கேட்டவர்களுக்கு மட்டுமே செய்து கொடுத்தார்கள். அதை வாங்குகிறவர் எவரும் நாளைக்கே தோளில் மாட்டிக்கொண்டு படமெடுக்கக் கிளம்பப் போவதில்லை. இப்படியும் ஒன்றைச் செய்து பார்த்தார்களே என்ற வியப்புக்காகத்தான் வாங்குகிறார்.

அதற்கும் ஒரு படி மேலே, பொருளோடு ஒட்டி வரும் வரலாறு இருக்கிறது. கார்ல் சைஸ் நிறுவனம் 50 மி.மீ. எஃப் 0.7 பிளானர் லென்ஸ் பத்தே பத்து செய்தது. ஆறு நாசாவுக்குப் போயின. ஒன்றைத் தானே வைத்துக்கொண்டது. மீதி மூன்றையும் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் வாங்கி, 1975இல் வெளியான தம் ‘பாரி லிண்டன்’ படத்தின் மெழுகுவத்தி வெளிச்சக் காட்சிகளை எடுத்தார். அந்த லென்ஸின் பின்கண்ணாடி ஃபிலிமுக்கு மிக நெருக்கமாக வந்து நிற்கவேண்டியிருந்ததால் கேமராவையே வெட்டிக் கொத்தி மாற்ற வேண்டியிருந்தது. இந்தக் கதை தெரியாத ஒருவர் கையில் அதைக் கொடுத்தால், வேறு எதற்கும் பொருந்தாத கனத்த கண்ணாடித் துண்டு என்றுதான் எண்ணுவார்.

பெயருக்கு உள்ள விலையை அளந்து பார்க்க வேண்டுமென்றால் லைகாவின் சுழிய வரிசைக் கேமராக்களைப் பாருங்கள். 1925இல் லைகா சந்தைக்கு வருவதற்கு முன், 1923இல், சோதனைக்கென்று இருபதுக்குச் சற்று மேற்பட்ட கேமராக்களைச் செய்தார்கள். அவற்றின் ஷட்டர் திரை, ரோலை நகர்த்தும்போது தானாக மூடிக்கொள்ளாது. ஒவ்வொரு முறையும் லென்ஸின் மேல் மூடியைப் போட்டுக்கொண்டுதான் அடுத்த படத்துக்கு நகர்த்த வேண்டும். கருவி என்ற அளவில் அது முழுமை பெறாத ஒன்று. அந்த வரிசையின் 122ஆம் எண் கேமரா 2018இல் வியன்னாவில் 24 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது. 2022 ஜூனில், லைகாவின் சொந்த ஊரான ஜெர்மனியின் வெட்ஸ்லரில் நடந்த ஏலத்தில் 105ஆம் எண் கேமரா வந்தது. அது லைகாவை உருவாக்கிய ஆஸ்கர் பார்னாக் தாமே பயன்படுத்தியது. அவர் பெயர் அதன் மேற்புறத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. 20 முதல் 30 லட்சம் யூரோ வரை போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். ஆனால் 144 லட்சம் யூரோவுக்கு, நம் கணக்கில் நூறு கோடி ரூபாய்க்கு மேல், விற்றது. ஒரே ஆலை, ஒரே ஆண்டு, ஒரே அமைப்பு. ஆனால் ஒரு பெயர் கூடியதும் விலை ஆறு மடங்கு.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்த 144 லட்சத்தில் சுத்தி தட்டிய விலை 120 லட்சம்தான். மீதி 24 லட்சம் ஏல நிறுவனத்துக்கு வாங்குபவர் தரும் கட்டணம். ஏல முடிவுகளைப் படித்துவிட்டு ‘என்னுடையதும் இவ்வளவு போகும்’ என்று கணக்குப் போடுகிறவர்கள் இதைக் கழித்துக்கொள்ள வேண்டும். விற்பவரிடமும் தனியாகக் கமிஷன் பிடிப்பார்கள். வாங்கிய மறுநாளே விற்க நேர்ந்தால் கையில் வருவது எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் இதை முதலீடு என்று சொல்ல வேண்டும்.

பதில்: மதுரை நிழல்

பழங்கருவி ஐயாவின் விளக்கம் அருமை. இடையில் ஒரு சிறு கேள்வி. எங்கள் ஊரில் ஒருவர் தங்க முலாம் பூசிய லைகா ஒன்றை வைத்திருக்கிறார். 1936 பெர்லின் ஒலிம்பிக் சின்னம் பொறித்தது. கேட்கும் விலையும் அவ்வளவு அதிகமில்லை. அது உண்மையானதாக இருக்க வாய்ப்பு உண்டா?

பதில்: பழங்கருவி

தம்பி, வாய்ப்பு அநேகமாக இல்லை. அன்றைய சோவியத் ஒன்றியத்தின் கார்கிவ் நகரில் இயங்கிய இளைஞர் தொழிற்கூடம் ஒன்று 1934 முதல் லைகாவை அப்படியே பார்த்து ‘ஃபெட்’ என்ற கேமராவைச் செய்தது. 1948 முதல் கிராஸ்னகோர்ஸ்க் ஆலை ‘சோர்க்கி’ என்ற பெயரில் அதே வடிவத்தைத் தொடர்ந்தது. லட்சக்கணக்கில் செய்யப்பட்ட இவற்றின் பழைய பெயரைச் சுரண்டிவிட்டு, லைகா என்றும் ஒலிம்பிக் சின்னம் என்றும் ஜெர்மன் விமானப்படைக் கழுகு என்றும் பொறித்து, தங்க முலாமும் பாம்புத்தோலும் போட்டு விற்பது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. லென்ஸைக் கழற்றி உள்ளே மேற்புறம் பாருங்கள். ரேஞ்ச்ஃபைண்டரைத் தள்ளும் கையின் நுனியில் உருளும் சிறு சக்கரம் இருந்தால் லைகா; சக்கரம் இல்லாமல் ஆப்பு போன்ற உலோக முனை இருந்தால் ஃபெட் அல்லது சோர்க்கி. அலங்காரப் பொருளாகப் பிடித்திருந்தால் அந்த விலைக்கு வாங்குங்கள். லைகா என்று நம்பி வாங்க வேண்டாம்.

பதில்: சேப்பாக்கம் மெக்கானிக்

எல்லோருக்கும் வணக்கம். நான் சென்னையில் பழைய கேமராக்களைப் பழுது பார்ப்பவன். சேகரிப்பாளர்களும் என்னிடம் வருகிறார்கள், படமெடுப்பவர்களும் வருகிறார்கள். இவ்விரு தரப்பினரும் ஒரே கேமராவைப் பற்றிப் பேசினாலும் கேட்பது நேர்மாறானவற்றை என்பதை மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

எம்3 கேமராவின் லென்ஸைக் கழற்றினால், லென்ஸ் பொருந்தும் வளையத்தின் உச்சியில், கடிகாரத்தில் பன்னிரண்டு இருக்கும் இடத்திலுள்ள திருகின் மேல், எல் என்ற ஆங்கில எழுத்துப் பதித்த முத்திரை ஒன்று இருக்கும். அது உடையாமல் இருந்தால், ஆலையை விட்டு வந்த பிறகு அந்தக் கேமராவை எவரும் முன்புறமாகத் திறக்கவில்லை என்று பொருள். சேகரிப்பாளர் அந்த முத்திரையைக் கண்டதும் விலையைக் கூட்டிக் கொடுப்பார். எனக்கோ அதைக் கண்டால் வேறொன்று தோன்றும்: உள்ளே இருக்கும் மசகும் அறுபது ஆண்டு பழையது. அது இறுகிப்போய், ஒரு விநாடி வேகத்தில் ஷட்டர் இழுத்துக்கொண்டு நிற்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில் இரண்டு திரைகளும் ஒரே சீராக ஓடாமல், படத்தின் ஒரு பக்கம் வெளுத்தும் மறுபக்கம் கறுத்தும் வரும். சரிசெய்ய வேண்டுமானால் முத்திரையை உடைக்க வேண்டும். உடைத்தால் நீங்கள் கூடுதலாகக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி என் மேசையிலேயே கரைந்துவிடும். உடைக்காமல் வைத்திருந்தால், படமெடுக்க முடியாத கேமராவுக்குக் காவல் இருப்பீர்கள். சென்ற ஆண்டு ஒருவர் இப்படிப்பட்ட கேமராவைக் கொண்டுவந்து, முத்திரையைத் தொடாமலே ஷட்டரைச் சரிசெய்ய முடியுமா என்று மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் அப்படியே திரும்ப எடுத்துச் சென்றார்.

வண்ணத்துக்கும் இதே நிலைதான். ஆலையில் பித்தளைத் தகட்டின் மேல் பூசிய கறுப்பு வண்ணம் விளிம்புகளில் தேய்ந்து மஞ்சள் தெரிவதைத்தான் சேகரிப்பாளர்கள் அழகு என்கிறார்கள். அதன்மேல் புதிதாக வண்ணம் பூசினால் பார்ப்பதற்குப் புத்தம் புதியதாக இருக்கும். மதிப்போ பாதிக்கும் கீழே போய்விடும். குரோம் கேமராக்களைக் கறுப்பாக்கித் தருவதில் தேர்ந்த கைகள் ஜப்பானிலும் பிற இடங்களிலும் இருக்கின்றன. அவர்கள் அதை ஒளிவுமறைவின்றிச் செய்கிறார்கள். கைமாறிக் கைமாறி வரும்போது நடுவில் யாரோ ஒருவர் அதை ‘அசல் கறுப்பு’ ஆக்கிவிடுகிறார். தேய்ந்த இடத்தில் கறுப்புக்கும் பித்தளைக்கும் நடுவே வெள்ளிக் கீற்று தெரிகிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். தெரிந்தால், குரோமைச் சரியாகச் சுரண்டாமல் மேலே வண்ணம் பூசியிருக்கிறார்கள். நன்றாகச் சுரண்டிப் பூசியிருந்தால் இந்தச் சோதனை உதவாது. அப்போது உள்ள ஒரே வழி, கேமராவின் எண்ணை வெட்ஸ்லரில் லைகா நிறுவனம் காத்துவரும் பழைய விநியோகப் பதிவேட்டோடு ஒப்பிட்டுக் கேட்பதுதான்.

நம் ஊர் வானிலையையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் என்னிடம் வரும் லென்ஸ்களில் பெரும்பாலானவை பூஞ்சை பிடித்தவையே. பூஞ்சை கண்ணாடியின் மேல் வெறுமனே படர்வதோடு நிற்பதில்லை. அது சுரக்கும் அமிலம் பூச்சை அரித்துவிடும். துடைத்த பின்னும் சிலந்தி வலை போன்ற தடம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். அழகாக இருக்கிறதே என்று பழைய தோல் உறைக்குள்ளேயே வைத்திருப்பவர்களுக்குத்தான் இது முதலில் வருகிறது, தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால். ஈரப்பதத்தை நாற்பது முதல் ஐம்பது விழுக்காட்டுக்குள் நிறுத்தும் டிரை கேபினட் ஒன்றை வாங்காமல் அரிய லென்ஸ் எதையும் கடற்கரை ஊருக்குக் கொண்டுவராதீர்கள். 1950களின் சும்மிக்ரான்களில் இன்னொரு தொல்லை உண்டு: உள்ளே போட்ட மசகு ஆவியாகிக் கண்ணாடியில் புகைபோலப் படியும், முன்கண்ணாடியின் பூச்சு மென்மையானது என்பதால் சட்டையால் துடைத்தாலே கீறல் விழும். இணையத்தில் ‘நியர் மிண்ட்’ (ஏறக்குறையப் புதியது) என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டுக் கீழே சிறு எழுத்தில் ‘லேசான புகைப்படலம், படத்தைப் பாதிக்காது’ என்று எழுதியிருப்பார்கள். விளக்குக்கு எதிராக ஒரு படம் எடுத்துப் பார்த்தால் தெரியும், பாதிக்கிறதா இல்லையா என்பது.

பதில்: தெலுக் ஆயர்

நான் சிங்கப்பூரில் வசிப்பவன். நண்பர்கள் சற்று அதிகமாகவே பயமுறுத்துகிறார்களோ என்று தோன்றுவதால் மறுபக்கத்தையும் எழுதுகிறேன்.

பழைய கருவி மீதுள்ள ஆசையை வெறும் பகட்டு என்று ஒதுக்குவது நியாயமன்று. நாக்டிலக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1966இல் வெளிவந்த எஃப் 1.2 நாக்டிலக்ஸில் கோள வடிவம் அல்லாத இரண்டு கண்ணாடிப் பரப்புகள் உண்டு. அவற்றைத் தீட்டி முடிக்க அந்தக் காலத்தில் தேர்ந்த கைவினைஞரின் கை வேண்டியிருந்தது, தேறாமல் ஒதுக்கப்பட்டவையும் ஏராளம். சுமார் 1,750 லென்ஸ்கள் செய்தபின் 1970களின் நடுவில் அதை நிறுத்திவிட்டு, அத்தகைய பரப்புகளே தேவைப்படாத எஃப் 1.0 அமைப்புக்கு மாறிவிட்டார்கள். மனிதக் கை அந்த அளவுக்குப் போன ஒன்றைத் தொட்டுப் பார்க்க ஒருவர் ஆசைப்பட்டால் அதில் என்ன பிழை?

ஆனால் நண்பர் தேடுவது அந்த லென்ஸ் தரும் படத்தை என்றால், அசலைத் தேடி அலைய வேண்டியதில்லை. லைகா நிறுவனமே 2021இல் அதை மீண்டும் வெளியிட்டது. அப்போது அதன் விலை ஏழாயிரம் டாலருக்கு மேல். மலிவன்று, ஆனால் அசலுக்குக் கேட்கும் தொகையோடு ஒப்பிட்டால் சிறியது. லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து எடுத்தால் நடுப்பகுதி கூர்மையாகவும் ஓரங்கள் குழைந்தும் வரும் அந்தப் பழைய இயல்பை வேண்டுமென்றே அப்படியே காத்திருக்கிறார்கள். மறுபதிப்பு வந்ததும் அசலின் விலை சரிந்துவிடும் என்று சிலர் காத்திருந்தார்கள், சரியவில்லை. அசலை வாங்குகிறவர்கள் படத்துக்காக வாங்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கறுப்பு எம்3 விஷயத்தில், விற்பவர் இங்கேயே இருப்பது உங்களுக்கு நல்வாய்ப்பு. பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் பழைய லைகாக்களை நாள்தோறும் கையாளும் கடைகள் இருக்கின்றன. விற்பவரின் சம்மதத்தோடு அங்கே ஒருவரிடம் காட்டிக் கருத்துக் கேட்கலாம். கடைக்காரர் தாம் வாங்குவதென்றால் என்ன விலை தருவார் என்பதையும் கேளுங்கள்; உண்மையான மதிப்பின் கீழ்வரம்பு அதுதான். இந்தியாவுக்குக் கொண்டுவரும்போது சுங்கவரி உண்டு என்பதை மறந்துவிட வேண்டாம். வாங்கியதற்கான ரசீதையும் பதிவேட்டு விவரத்தையும் பத்திரமாக வைத்திருங்கள். பின்னாளில் விற்பதற்கு அந்தக் காகிதங்கள் கேமரா அளவுக்கே முக்கியம்.

பதில்: அந்தியூர் ஸ்டுடியோ

பேச்சு கோடிகளில் போகிறது. என் பங்குக்கு ஒன்று. பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் செய்த ஆக்ஃபா கிளிக் 3 என்ற எளிய கேமரா இல்லாத நடுத்தரக் குடும்பம் ஒரு காலத்தில் நம் பக்கம் குறைவு. ஒரே லென்ஸ், வெயிலுக்கும் மேகத்துக்குமாக ஒரு திருகு, அவ்வளவுதான் அதன் இயந்திரம். எங்கள் ஸ்டுடியோ அலமாரியில் அது ஒன்று உண்டு. பக்கத்தில் கல்யாணங்களை எடுத்து எங்களுக்குச் சோறு போட்ட யாஷிகா மேட் 124 ஜி கேமரா. வருகிறவர்கள் பத்து நிமிடம் நின்று பேசுவது கிளிக் 3 முன்னால்தான். விலை கேட்பது யாஷிகாவுக்கு. நினைவு எல்லோரிடமும் இருப்பதால் அதற்குச் சந்தையில் விலை இல்லை போலிருக்கிறது.

பதில்: கோவை ஒளி

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. மெக்கானிக் ஐயா சொன்ன முத்திரையைப் பற்றி விற்பவரிடம் கேட்டு, லென்ஸைக் கழற்றிப் படம் அனுப்பச் சொன்னேன். முத்திரை இல்லை; திருகின் தலையில் கீறல் தெரிகிறது. எனவே யாரோ திறந்திருக்கிறார்கள். கேமராவின் எண்ணையும் தந்திருக்கிறார். பதிவேட்டில் அது கறுப்பு என்று வந்தால், முத்திரை இல்லாததைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லலாமா? திறந்து பழுது பார்த்த கேமரா என்றால் என் போன்றவனுக்கு அதுவே நல்லது அல்லவா?

பதில்: சேப்பாக்கம் மெக்கானிக்

குறைத்துக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் திறந்தவர் யார், எதற்காகத் திறந்தார் என்பது தெரியாதவரை அதை நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்புறத்தைத் திறப்பது ஷட்டரைச் சரிசெய்ய மட்டுமன்று. வேறொரு கேமராவின் பாகங்களை மாற்றிப் பொருத்தியவரும் திறந்திருக்கலாம்; மேல்தகட்டையே மாற்றியிருக்கவும் கூடும். எண் பொறித்திருப்பது மேல்தகட்டில்தான் என்பதால், பதிவேட்டில் கறுப்பு என்று வந்தாலும் அது தகட்டுக்கு மட்டுமே சான்று. ஆகவே அடித்தகடு, நெம்புகோல்கள், குமிழ்கள் ஆகியவற்றின் தேய்மானம் மேல்தகட்டின் தேய்மானத்தோடு ஒத்துப்போகிறதா என்று நல்ல வெளிச்சத்தில் எடுத்த படங்களைக் கேளுங்கள். மேல்தகடு மட்டும் வயதாகித் தோன்றி, மற்றவை இளமையாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

இவை ஒத்துப்போனால், நேரில் போய்ப் பார்க்கும் நண்பரிடம் ஒரு சிறு டார்ச் விளக்கைக் கொடுத்தனுப்புங்கள். அடித்தகட்டைக் கழற்றிப் பின்கதவைத் திறந்து, இருட்டறையில் திரைக்குப் பின்னால் விளக்கைப் பிடித்தால், துணித்திரையில் ஊசித்துளை இருக்கிறதா என்று முன்னாலிருந்து தெரிந்துவிடும். லென்ஸ் மூடியில்லாமல் கேமராவை வெயிலில் வைத்தவர்களின் கேமராக்களில் சூரியனே அந்தத் துளையைச் சுட்டுவிடும். ஒரு விநாடி வேகத்தில் வைத்து அழுத்தி, உள்ளே ஓடும் பல்சக்கரத்தின் ஒலி நடுவில் திக்காமல் முடிகிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாகக் கண் வைத்துப் பார்க்கும்போது நடுவில் உள்ள சிறு வெளிச்சக் கட்டம் பளிச்சென்று இருக்க வேண்டும். எம்3 கீழே விழுந்திருந்தால் உள்ளே உள்ள பட்டகத்தின் ஒட்டு விட்டுப்போய் அந்தக் கட்டம் இருண்டுவிடும். ஷட்டர் திரையை நான் மாற்றித் தருவேன், ஆனால் அந்தப் பட்டகத்துக்கு இன்னொரு எம்3 கேமராவைத்தான் பலி கொடுக்க வேண்டும்.